தேவாங்கு தரிசனம்

தமிழில் ஒருவரை வைய வேண்டுமானால் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பையன் சற்று ஒல்லியாய்ப் பிறந்து, கண்கள் மட்டும் பெரிதாய் அமைந்துவிட்டால் போதும், "தேவாங்கு மாதிரி விழிக்கிறாயே!" என்ற பட்டம் வீட்டிலேயே கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பட்டத்தைத் தாராளமாய் வழங்குகிறவர்களில் தேவாங்கைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட ஆள் அகப்படுவது சிரமம். கன்னட நாட்டார் அதே பிராணியைக் 'காடு பாப்பா' என்கிறார்கள்; காட்டுக் குழந்தை என்று அர்த்தம். கோமாளி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்துதான் மேல்நாட்டார் அதற்கு இட்டிருக்கும் பெயர் வந்தது என்பர். ஒரே முகத்தைப் பார்த்து ஒருவருக்கு வசவும், ஒருவருக்குக் குழந்தையும், ஒருவருக்குக் கோமாளியும் நினைவுக்கு வந்திருக்கின்றன! முகத்துக்கு உடைமைக்காரரோ இவற்றில் எதையும் லக்ஷியம் செய்யாமல், இருட்டில் கிளைக்குக் கிளை கைமாற்றிக்கொண்டு, எறும்பு தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்.

புதுக்கோட்டை ஜில்லாவிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். புதிதாய் ஒரு காமிரா வாங்கியிருக்கிறாராம். தம் ஊர் ஐயனார் கோயில்காட்டில் தேவாங்கு உண்டென்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாராம். அதைப் போட்டோ பிடித்து உலகத்துக்குக் காட்ட வேண்டும், வழி என்ன என்று கேட்கிறார். உற்சாகமான கடிதம். இரண்டு பக்கத்தில் ஒன்றே முக்கால் பக்கம் காமிராவைப் பற்றியும், கால் பக்கம் தேவாங்கைப் பற்றியும் இருப்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை. நாம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பதில் எழுத உத்தேசித்திருக்கிறோம்.

தேவாங்கு, குரங்குகளுக்குத் தூரத்துப் பங்காளி. மடகாஸ்கர் தீவிலுள்ள லெமூர்களுக்குச் சற்று நெருங்கிய பங்காளி. வால் கிடையாது. உடம்பு ஏறக்குறைய ஒரு சாண். எடை கால் கிலோவுக்கு முன்பின்னாய் இருக்கும். கை கால்களோ குச்சி குச்சியாய் நீண்டவை. கட்டை விரல் எதிர்த்து நிற்பதால் கிளையைப் பற்றினால் உடும்புப் பிடிதான். பகல் முழுதும் முள் அடர்ந்த கிளைக் கவட்டில், சில சமயம் இரண்டு மூன்றாய்ச் சேர்ந்து, பந்துபோல் சுருண்டு தூங்கும். இருட்டிய பிறகே புறப்பாடு. எறும்பு, கறையான், வண்டு, அகப்பட்டால் பல்லி இவையே ஆகாரம். மற்றப் பிராணிகள் முகர்ந்துவிட்டு விலகும் நாற்றப் பூச்சிகளைக்கூட, முகத்தைச் சுளித்துக்கொண்டாவது, தின்றுவிடும். கை கால்களில் தன் சிறுநீரையே பூசிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எறும்புக் கடிக்கு மருந்து என்கிறார்கள் சில பண்டிதர்கள்; கிளைகளில் வாசனை அடையாளம் வைப்பதற்கு என்கிறார்கள் வேறு சிலர். பண்டிதர்களின் சண்டையில் நாம் தலையிடப் போவதில்லை.

போட்டோ பிடிக்க விரும்புகிறவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளை மற்றொரு கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி. இல்லாவிட்டால் தரையில் இறங்கி நடக்க வேண்டும். இரண்டாவது, தாய்த் தேவாங்கு இரை தேடப் புறப்படும்போது குட்டியை ஒரு கிளையில் 'நிறுத்தி' வைத்துவிட்டுப் போகும். குட்டி அசையாமல் அங்கேயே பற்றிக்கொண்டிருக்கும். இரவில் தனியே இருக்கும் குட்டியைக் கண்டு, "ஐயோ, அநாதை!" என்று பரிதாபப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் புண்ணியவான்கள் உண்மையில் அதைத் தாயிடமிருந்து திருடுகிறார்கள். மூன்றாவது, கண். தேவாங்கின் விழிக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே நுழைந்த சொற்ப வெளிச்சத்தையும் அது திருப்பி அனுப்பி, இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ளச் செய்கிறது. நட்சத்திர வெளிச்சத்தில் எறும்பைக் காண்பதற்காகவே இயற்கை அமைத்த கண் அது. நாம் விளக்கைக் காட்டினால் அந்தப் படலம் நெருப்புத் துண்டுபோல் சிவந்து மின்னும். இருட்டில் தேவாங்கைக் காட்டிக் கொடுப்பது இந்த மின்னல்தான்.

அந்தக் கண்களே அதற்கு எமனாகவும் வந்தன. வசிய மருந்துக்கென்றும் கண் நோய்க்கென்றும் அதைப் பிடித்துக் கொன்று கண்களைப் பிடுங்கியவர்கள் உண்டு. உயிரோடு கட்டி வைத்து, சந்தையில் சீட்டு எடுக்கச் செய்து ஜோசியம் சொன்னவர்களும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் சேர்த்து, புலிக்கும் யானைக்கும் கொடுத்த காவலை இந்த ஒரு சாண் பிராணிக்கும் கொடுத்திருக்கிறது. அதைப் பிடித்தால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை சிறைவாசம். சட்டம் வந்த பிறகு ஜோசியக் கூண்டுகள் சந்தையிலிருந்து குறைந்தன. ஆனால் கண்ணைத் தேடும் கூட்டம் குறைந்துவிட்டதா? கத்திக்குப் பதில் ஆயிரம் தீபம் போட்டாற்போன்ற டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு, அந்த நெருப்புத் துண்டு மின்னும் கணத்தைப் படமாக்க வேண்டுமென்று இன்று ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. நட்சத்திர வெளிச்சத்துக்கென்று அமைந்த விழியில், நாலடி தூரத்திலிருந்து ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் என்ன ஆகும்? முள் மரத்தில், ஆந்தையும் காட்டுப் பூனையும் நடமாடும் வேளையில், சிறிது நேரமாவது குருடாய் நிற்பது என்றால் என்ன என்பதைக் காமிராக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்படியானால் படமே வேண்டாமா?' என்று கேட்கத் தோன்றும். வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். அதற்குச் சாட்சி, கடலுக்கு அக்கரையில் இருக்கிறது.

இலங்கையின் நடு மலைநாட்டில், 2,100 மீட்டர் உயரத்துக்கு மேல், ஹார்ட்டன் சமவெளி என்று ஒரு பிரதேசம். எப்போதும் மூடுபனி, எலும்பைத் துளைக்கும் குளிர். 1937-ஆம் வருஷம் அங்கே ஒருவகைத் தேவாங்கு அகப்பட்டது. ரோமம் அடர்த்தி, கை கால்கள் மற்றத் தேவாங்குகளைவிடக் குட்டை, குளிருக்கென்று கம்பளி போர்த்துப் பிறந்தாற்போன்ற தோற்றம். 1942-இல் ஆஸ்மன் ஹில் என்ற உடற்கூற்று நிபுணர் அதை வருணித்துப் பெயர் சூட்டினார். பெயர் சூட்டு விழா முடிந்ததோ இல்லையோ, பிராணி மறைந்துவிட்டது! 1939 முதல் 2002 வரை அது எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவு இல்லை. தேயிலைக்காகவும் காய்கறித் தோட்டங்களுக்காகவும் மலைக்காடுகள் துண்டு துண்டாகிவிட்டன. அதோடு இந்த ஜாதியும் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். 2002-இல் கண்டதாக ஒரு செய்தி வந்தது. ஆனால் இருட்டில் ஒரு கணம் தெரிந்த உருவத்தை வைத்துக்கொண்டு யாரை நம்பவைப்பது?

இலங்கைத் திறந்த பல்கலைக் கழகத்தாரும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் சேர்ந்து தேடத் தொடங்கினார்கள். 120 காட்டுத் துண்டுகளில், ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை இரவில் நடந்தார்கள். கடைசியில் 2009-இல், சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆண் தேவாங்கு கிளையில் உட்கார்ந்திருந்த நிலையில் படமாயிற்று. 2010-ஆம் வருஷம் ஜூலை மாதம் அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த ஜாதி பிடிபட்ட முதல் புகைப்படம் அதுவே. அடர்ந்த ரோமமும் குட்டைக் கைகளும் அதில் தெளிவாய்த் தெரிந்தன. அறுபது வருஷத்துக்கு மேலாக இறந்ததாக எண்ணப்பட்டு வந்த பிராணி, உயிரோடு இருப்பதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று. மிச்சமிருக்கும் மலைக்காட்டைத் தொடாதே என்று வாதாடுகிறவர்களுக்கு, அதற்கு முன் வெறும் வாய். அதற்குப் பின் கையில் ஒரு பத்திரம். படத்தின் உபயோகம் அதுதான். சுவரில் மாட்டுவது பிறகு.

அக்கரையிலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்புவோம். தூரம் நாம் நினைப்பதுபோல் அதிகமில்லை. புதுக்கோட்டைச் சீமைக் கோயில்காடுகளும் இலங்கையின் வடபகுதிக் காடுகளும் ஒரே குலம். மழை குறைவு; அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் இலை உதிர்க்காமல் பச்சையாய் நிற்கும் குட்டை மரக் காடு இது. அறையப்பட்டி, மரமடக்கி போன்ற ஊர்களின் காடுகளைத் தாவர ஆராய்ச்சிக்காரர்கள் மரம் மரமாய் எண்ணி எழுதியிருக்கிறார்கள். வீரை, காசா, பாலை, காரை என்று நெருங்கி நின்று, கொடிகள் ஒன்றோடொன்று பின்னி, உள்ளே ஆள் நுழைய முடியாமல் இருக்கும். தாவத் தெரியாத பிராணிக்கு இதைவிட நல்ல சாலை வேறு என்ன வேண்டும்? சித்தன்னவாசல் சித்திரக்காரர் தம் தாமரைத் தடாகத்தில் யானை, எருது, மீன், அன்னம் எல்லாம் தீட்டினார். இராத்திரி ஜந்து ஒன்றையும் தீட்டவில்லை. வெளியே காட்டில் அவருக்குத் தலைக்கு மேல் என்ன உட்கார்ந்திருந்தது என்று கேட்க இப்போது வழியில்லை.

சமஸ்தானமாய் இருந்த காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் வேட்டைக்கென்று சில காடுகளைக் காத்து வைத்தார்கள். ஐயனாருக்கும் கறுப்பருக்கும் அஞ்சி ஜனங்கள் வேறு சில காடுகளைக் காத்தார்கள். 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி ஜில்லா ஆயிற்று. மன்னரும் போனார், வேட்டையும் போயிற்று. அது நல்லதுதான். ஆனால் இயற்கைக் காடு நின்ற இடங்கள் பலவற்றில் தைல மரங்கள் சிப்பாய்களைப்போல் வரிசை வரிசையாய் வந்து நின்றன. கொடியும் புதரும் இல்லாத அந்த வரிசையில் பறவைக்கே ஒதுங்க இடம் தேட வேண்டும். ஐயனாரிடம் அச்சம் எங்கெங்கே மிச்சமிருக்கிறதோ அங்கங்கே காடும் மிச்சமிருக்கிறது. அதையும் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து உலுக்கிவிட்டுப் போயிற்று. இத்தகைய காட்டைச் சர்க்கார் கணக்கிலே 'புதர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. புதருக்குள் யார் குடியிருக்கிறார் என்று காட்ட ஒரு படம் இருந்தால் அவ்வளவு எளிதாயிராது.

வழிக்கு வருவோம். இராத்திரி மிருகங்களைப் படம் பிடிப்பது நூறு வருஷத்துக்கு முந்திய வித்தை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற கனவான், படகில் விளக்கை வைத்துக்கொண்டு மான்களைப் பிடித்த இரவுப் படங்கள் 1906-இல் வெளிவந்தன. நம் தேசத்தில் ஐக்கிய மாகாணத்துக் காட்டு இலாகாவில் உத்தியோகம் பார்த்த சாம்பியன் என்ற துரை, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காமிராவைக் கையில் எடுத்தவர். புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் குறுக்கே கட்டுவார். புலியின் கால் பட்டதும் மருந்து பளீரென்று எரியும். காமிரா திறந்து மூடும். புலி தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளும்! அவருடைய புத்தகம் 1927-இல் வந்தது. இன்றைக்குக் கம்பிக்குப் பதில் உடல் சூட்டையும் அசைவையும் உணரும் தானியங்கிக் காமிராக்கள் வந்திருக்கின்றன. புலிகளை எண்ணுவதே இவற்றைக் கொண்டுதான்.

ஆனால் தேவாங்கிடம் இந்த ஜம்பம் அவ்வளவாகச் சாயாது. அது புலியைப்போல் தரையில் தடம் போட்டு நடப்பதில்லை. மரத்தில், நூறு கிளையில் எந்தக் கிளை என்று சொல்ல முடியாத இடத்தில், யந்திரத்துக்கே பொறுமை போகும்படி மெள்ள நகர்கிறது. ஆகையால் மனுஷ்யன்தான் நடக்க வேண்டும். திண்டுக்கல் ஜில்லா அய்யலூர்ப் பக்கத்து முள்காடுகளில் 1997, 98-ஆம் வருஷங்களில் அன்னா நெக்காரிஸ் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி இரவிரவாய் நடந்து தேவாங்கின் வாழ்க்கையைக் குறித்தார். அதே ஜில்லாவில் சிந்து ராதாகிருஷ்ணா என்ற நம் தேசத்துப் பெண்மணியும், மைசூர்ப் பல்கலைக் கழகத்து மேவா சிங்கும் ஆராய்ந்தார்கள். இவர்களைப் போன்றவர்கள் கையாளும் முறை ரொம்ப எளியது: நெற்றி விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிக்கொள்வது. இரவு ஜந்துக்களின் கண்ணைச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகச் சுடுவதில்லை. ஆனால் கண்ணின் மின்னல் மட்டும் நமக்குத் தெரியும்.

படத்துக்கும் அதே சிவப்பு வெளிச்சம் போதும். இக்காலத்துக் காமிராக்கள் சொற்ப வெளிச்சத்திலும் பார்க்கின்றன. மேலும் தேவாங்கு நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது: சந்தேகம் வந்தால் ஓடாமல், கல்லாய்ச் சமைந்து நின்றுவிடும். மானும் முயலும் இந்தத் தயவைக் காட்டுவதில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி, தொலைக்கண்ணாடி லென்ஸை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கால் வினாடி அரை வினாடி திறந்து வைத்தால் படம் விழும். நாலைந்து படத்தோடு விளக்கை அணைத்துவிட வேண்டும். அது கல்லாய் நிற்பது நமக்காகப் 'போஸ்' கொடுப்பதல்ல, பயந்து நிற்பது என்பதை மறக்கக் கூடாது. படம் முழுவதும் சிவப்பாய் இருக்குமே என்றால், கறுப்பு வெள்ளையாய் மாற்றிக்கொள்ளலாம். அது ஒன்றும் தாழ்வல்ல. மாதவையாவின் குமாரர் மா. கிருஷ்ணன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், பல காமிராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே சேர்த்த ஒரு காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். 1996-இல் அவர் காலமாகும் வரையில் வர்ணம் இல்லையே என்று அந்த யானைகள் ஏதும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

விராலிமலையிலிருந்து மேற்கே மணப்பாறை, வையம்பட்டி வழியாகப் போனால் அந்த அய்யலூர்க் காடு வந்துவிடும். புதுக்கோட்டைக்காரருக்கு அது அயலூர் அல்ல, அண்டை வீடு. அங்கே திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களைச் சேர்ந்த 11,806 ஹெக்டேர் காட்டை, 2022-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. வருஷக்கணக்காய் இரவில் நடந்தவர்களின் நோட்டுப் புத்தகங்கள் இல்லாவிட்டால், அந்த முள்காட்டின்மேல் எந்த அதிகாரியின் பேனாவும் நின்றிராது. ஆனால் சரணாலயம் என்று பெயர் வைத்ததும் மற்றோர் அபாயம் புறப்படுகிறது. இன்ன ஊர், இன்ன மரம் என்று ஒருவர் கைபேசியில் படத்தோடு போட்டுவிட்டால், அடுத்த சனிக்கிழமை இராத்திரி அந்த மரத்தடியில் பத்து விளக்குகள் கூடுகின்றன. பதினோராவது விளக்கு கண்ணைப் பிடுங்க வந்தவனுடையதாய் இருந்தால் எப்படி அடையாளம் காண்பது?

ஆகையால் புதுக்கோட்டை அன்பருக்கு நாம் சொல்வது: காமிராவை ஒரு மாதம் பெட்டியிலேயே வையுங்கள். முதலில் பாட்டியிடம் மறுபடியும் கேளுங்கள். எந்தக் காலத்தில், எந்த மரத்தில், எத்தனை கண்டாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் கோயில் பூசாரியையும் கேளுங்கள். பகலில் காட்டைச் சுற்றி வாருங்கள்; எங்கே கிளையோடு கிளை தொடுகிறது, எங்கே தார் ரோடு குறுக்கே வந்து அந்தத் தொடர்பை அறுத்திருக்கிறது என்று படம் வரையுங்கள். கிளை அறுந்த இடத்தில் இறங்கி நடக்கிற பிராணி லாரிச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நாலு மரக் கன்றோ, வயலோரத்தில் ஓர் உயிர்வேலியோ வைப்பது ஆயிரம் படத்துக்குச் சமானமான காரியம். காப்புக் காடாயிருந்தால் வனத்துறையாரின் அனுமதி இல்லாமல் இரவில் கால் வைக்கக் கூடாது. கோயில்காடாயிருந்தால் ஊராரின் சம்மதம் இல்லாமல் போகக் கூடாது. பிறகு சிவப்புக் காகிதம் கட்டிய விளக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேராய், பேசாமல் நடங்கள். பத்து இரவு ஒன்றும் தெரியாது. பதினைந்தாவது இரவும் தெரியாமல் இருக்கலாம். தெரியாத இரவையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஹார்ட்டன் சமவெளியில் அவர்களுடைய நோட்டுப் புத்தகத்திலும் பெரும்பாலான பக்கங்கள் அப்படித்தான் நிரம்பியிருக்கும்.

படம் கிடைத்தால் ஒரு பிரதி வனத்துறையாருக்கு, ஊர்ப் பெயரோடும் மரத்தின் பெயரோடும் சேர்ப்பியுங்கள். இன்னொரு பிரதியை நமக்கு அனுப்புங்கள். முழுப் பக்கம் ஒதுக்கி வெளியிடுகிறோம். அதில் மரத்தின் பெயரை எழுதினால் போதும். ஊரின் பெயரை நமக்குக்கூட எழுத வேண்டாம்.